இரண்டு விரற்கடை

மார்ச் 4, ஞாயிறு

என் அக்கா பெற்ற அறிவுக்கொழுந்துக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். உன் பிழைப்பைக் கெடுத்தவன் இன்னும் கெடாமல் திரியும்போது நீ எப்படி நலமாக இருப்பாய்?

விஷயம் இதுதான். எங்கள் கட்டடத்தில் நேற்று ஒரு தாள் ஒட்டினார்கள். இந்தக் கோடைக்கும் பூங்காவில் திறந்தவெளி இசைவிழா உண்டு. மே மாதம் இரண்டாம் ஞாயிறு தொடங்கி ஐந்து ஞாயிறு, சாயங்காலம் ஐந்து மணிக்கு. அதுவரை சந்தோஷம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் விஷம்: முதல் எட்டு வரிசை விருந்தினருக்கு மட்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடி படித்தேன். எட்டுதான். இருபத்திரண்டு கோடையாக முதல் வரிசையில் இடமிருந்து மூன்றாவது நாற்காலி என்னுடையது. அந்த நாற்காலியின் நாலு காலும் என் எடையை மனப்பாடம் செய்து வைத்திருக்கின்றன. மழையே வந்தாலும் அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்துத்தான் பெய்யும். என்னைப் போய் ஒன்பதாவது வரிசைக்கு!

விழாக்குழுச் செயலாளர் என் லிஃப்டில் ஏறியதும் கேட்டுவிட்டேன்.

"என்ன சார், எட்டு வரிசையாமே?"

"குழுவோட முடிவு, ஏழுமாடி."

"நானும் விருந்தாளிதானே சார்?"

"நீங்க நம்ம வீட்டு ஆளு. வீட்டு ஆளு பின்னாடிதான் உக்காரணும்."

சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கிற ஜாதி. நகராட்சிக் கட்டடத்தில் ஏழு மாடிக்கு லிஃப்ட் ஓட்டுகிறவன்தானே, ஏழுமாடி என்று கூப்பிட்டால் போதும் என்ற இளக்காரம். இந்த ஊரில் மேலே போன மனிதன் எவனும் என் கையால் போனவன்தான் என்பது அவனுக்கு மறந்துவிட்டது.

ஆனால் நான் கொதிப்பது நாற்காலிக்காக இல்லை. உனக்காக. போன கோடையின் கடைசி ஞாயிறை நான் மறப்பேனா? நாற்பதாயிரம் பேர். மேடையில் வயலின் ஐயா. சவுண்ட் மிக்ஸரில் என் மருமகள். மேடையில் ஒரு மைக் ஒயர் மக்கர் பண்ணுகிறது என்று நீ ஓடினாய். போகும்போது, "மாமா, இந்த ஸ்டூல்ல உக்காந்து பாத்துக்கோங்க, யாரையும் தொட விடாதீங்க" என்றாய். எல்லைக் காவல் வீரனைப் போல உட்கார்ந்தேன். வயலின் ஐயா மெல்ல மெல்லத் தேய்த்து, ஈ பறந்தால்கூடக் கேட்கிற இடத்துக்கு வந்த நேரத்தில் ஸ்பீக்கர் அத்தனையும் ஊளையிட்டதே! அவர் மயங்கி விழுந்தார். தண்ணீர் தெளித்தது நான்தான். செயலாளர் பாய்ந்து வந்தான். நான் குறுக்கே விழுந்து, "சின்னப் பொண்ணு சார், நாலு நாளா சரியாத் தூங்கலை, கை தவறி ஏத்தி வச்சுட்டுப் போயிட்டா, மன்னிச்சு விடுங்க" என்று மன்றாடினேன். கல்லும் கரைந்திருக்கும். அவன் கரையவில்லை. அன்றைக்கே உன்னை அனுப்பிவிட்டான். அதற்குப் பிறகு இந்த ஊரில் உன்னை ஒருவன் கூப்பிட்டானா?

பழிக்குப் பழி வாங்காமல் விட மாட்டேன். "பாம்புக்குப் பால் வார்த்தாலும் பல்லைப் பிடுங்கிவிட்டு வார்" என்று ஐந்தாம் வகுப்பில் எங்கள் வாத்தியார் சொன்னார். ஆறாம் வகுப்பில் என்ன சொன்னாரோ, நான் போகவில்லை. ஐந்தே போதும், இவனுக்கு.

உன் அம்மா நலம். உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

உன் தாய்மாமன்,
ஏழுமாடி


மார்ச் 21

மாமா,

நாற்பதாயிரம் பேர் இல்லை. மூவாயிரத்து எண்ணூறு நாற்காலி. வயலின் ஐயா மயங்கியும் விழவில்லை. வில்லைத் துணியால் துடைத்தார், பெட்டியில் வைத்தார், பூட்டினார், என் பக்கம் திரும்பாமல் படியிறங்கினார். மயங்கி விழுந்திருந்தால் எனக்குத் தேவலை.

இங்கே பேருந்து நிலையத்தில்தான் இன்னும் வேலை. "நான்காவது மேடையில்" என்று ஒரு பதிவுசெய்த பெண்குரல் நாளைக்கு முந்நூறு தடவை சொல்லும். அவள் தொண்டை கட்டாமல் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம். ஒருவரும் அவளைக் கேட்பதில்லை. எல்லோரும் பக்கத்து ஆளிடம், "எத்தனாவது மேடைங்க?" என்று கேட்கிறார்கள்.

உங்கள் பழிவாங்கலை நிறுத்துங்கள். செயலாளர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். போன வருஷம் நடந்ததை வைத்து, நான் இனிமேல் நம் ஊரில் மிக்ஸர் பக்கமே உட்கார முடியாது என்றுதான் குழுவில் எல்லோரும் பேசுகிறார்களாம்.

(பின்பக்கம்)

அதை மாற்றத்தான் அவர் பார்க்கிறார். ஒரு தடவை தவறியதற்கு ஆயுள் தண்டனை வேண்டாம் என்று 27ஆம் தேதிக் கூட்டத்தில் எனக்காகப் பேசப் போகிறார். அவர் ஒருவர்தான் பேசப் போகிறார். அதனால் 27 வரைக்கும் நீங்கள் அவரிடம் எதுவும் பேச வேண்டாம், செய்யவும் வேண்டாம். லிஃப்டில் ஏற்றுங்கள், இறக்குங்கள், போதும்.

அந்த வேலை எனக்கு வேண்டும், மாமா. நான் பிறந்த ஊர், நான் கேட்டு வளர்ந்த பூங்கா. அம்மா அடுப்படிக்குப் போகாமல் என்னைப் பற்றிப் பேச வேண்டும்.

ஒரே ஒரு கேள்வி. நான் மேடைக்குப் போன அந்த நாலு நிமிஷத்தில் என்ன நடந்தது?

உங்கள் மருமகள்


மார்ச் 27, செவ்வாய்

வெற்றி! வெற்றி! வெற்றி!

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் சிரித்து விழுந்துவிடுவாய்.

இன்று காலை உன் கடிதம் வந்தது. கண்ணாடியில் ஒரு கால் உடைந்திருப்பதால் கையால் பிடித்துக்கொண்டு லிஃப்டில் வைத்தே படித்தேன், மாடிக்கு இரண்டு வரி. "மிக்ஸர் பக்கமே உட்கார முடியாது" என்ற இடத்துக்கு வந்தபோது தரைத்தளம். கதவைத் திறந்தால் யார் நிற்கிறான்? அவனே! தெய்வமே பழத்தை உரித்துக் கையில் கொடுத்தால் வேண்டாம் என்பேனா?

ஏற்றினேன். ஐந்து தாண்டியது. ஆறு வரவில்லை. ஒரு சிவப்பு விசை இருக்கிறது, அதை இருபது வருஷ அனுபவம் உள்ளவன்தான் முழங்கையால் தட்ட முடியும், எதிரே நிற்பவனுக்குத் தெரியாது.

"என்ன ஏழுமாடி, நின்னுடுச்சு?"

"அதுக்கும் வயசாகுது சார். ஒன்பதாவது வரிசைலதான் உக்காருவேன்னு அடம் புடிக்குது."

"விளையாடாதீங்க. பதினோரு மணிக்கு எனக்குக் கூட்டம்."

"கூட்டம் எங்க சார் போகப் போகுது? ஏழாவது மாடிலதான் இருக்கு. நாமதான் போகலை."

"மணிய அடிங்க!"

"அடிக்கிறேன் சார். மணி அடிக்கிற ஆளும் நான்தான், அதைக் கேட்டு ஓடி வர்ற ஆளும் நான்தான். ரெண்டு பேருமே உள்ள மாட்டிக்கிட்டோமே."

கோட்டைக் கழற்றினான். பிறகு டை. பிறகு தரையில் உட்கார்ந்தான். கையில் ஒரு நீலக் கோப்பு வைத்திருந்தான், அதை வைத்து விசிறிக்கொண்டான். உள்ளே என்ன காகிதமோ, நல்ல காற்று வந்தது. இரண்டரை மணி நேரம்! "என் மருமகள நினைவிருக்கா சார்?" என்று நான் கேட்க, அவன் என் காலைப் பிடிக்காத குறை. "ஐயோ, அவ விஷயமாத்தான் போறேன், சீக்கிரம் பண்ணுங்க" என்று பொய் சொல்லிப் பார்த்தான். நான் மசிவேனா? உயிருக்குப் பயந்தவன் எதையும் சொல்வான்.

இதுவரை சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். உறையில் போடுமுன் முகவரிக்காக உன் கடிதத்தைத் திருப்பினேன். பின்பக்கமும் எழுதியிருக்கிறாய்.

மருமகளே, முக்கியமான விஷயத்தை யாராவது பின்பக்கத்தில் எழுதுவார்களா? கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைப் பின்பக்கமா போடுகிறார்கள்?

சரி. நல்லதுக்குத்தான் என்று வை. கூட்டம் என்றால் ஒன்றா? ஒரு கூட்டம் போனால் மறு கூட்டம். அந்தக் கடைசிக் கேள்வியில் மை பரவி எழுத்துத் தெரியவில்லை.

உன் மாமா


ஏப்ரல் 5

மாமா,

இரண்டரை மணி நேரம் இல்லை. ஐம்பது நிமிஷம். கூட்டம் நாற்பது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. எனக்காகப் பேச ஆள் இல்லை. நீங்கள் காற்று வாங்கிய அந்த நீலக் கோப்பில் இருந்தது என் விண்ணப்பம்.

மை பரவவில்லை. உங்களுக்குத் தெரியாத எழுத்தும் இல்லை. கேள்விக்கு நானே பதில் எழுதுகிறேன்.

மிக்ஸரில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு ஃபேடர் உண்டு. மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே இழுத்தால் குறையும். ஸ்டூலை விட்டு எழுந்திருக்கிற ஒவ்வொரு தடவையும், ஃபேடர் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் போவேன். முதல் நாள் வேலை கற்றதிலிருந்து அது என் பழக்கம். நான் திரும்பி ஓடி வந்தபோது வயலின் ஃபேடர் கோட்டுக்கு அரை விரல் கீழே இருந்தது. தானாக எந்த ஃபேடரும் ஏறி ஊளையிட்டுவிட்டு, பயந்துபோய்க் கோட்டையும் தாண்டிக் கீழே இறங்காது. அது கை பண்ணுகிற காரியம். ஸ்டூலில் இருந்த கை ஒன்றுதான்.

அன்றைக்கே சொல்லியிருப்பேன். வெளியாளை மிக்ஸர் பக்கம் உட்கார வைத்ததே என் தப்பு. ஆனால் நான் வாய் திறக்கும் முன் நீங்கள், கேட்காமலே, ஊர் கேட்க, என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிட்டீர்கள். செய்யாத தப்புக்குத் தாய்மாமனே மன்னிப்புக் கேட்ட பிறகு யார் என்னை நம்புவார்கள்? அம்மாவே நம்பவில்லை.

இந்த மாதம் 20ஆம் தேதி குழு மறுபடி கூடுகிறது. அதற்குள் செயலாளரிடம் ஒரு வரி சொல்லுங்கள். "நான்தான் தொட்டேன்." அவ்வளவுதான். அலங்காரம் வேண்டாம். உங்களை உட்கார வைத்தது என் தவறு என்று நானும் எழுதுகிறேன்.

பழி, பழி என்று எழுதினீர்களே. அது யாருக்கு என்று இப்போது தெரிகிறதா?


ஏப்ரல் 21, சனி

அருமை மருமகளுக்கு,

உன் கோபம் நியாயம். ஆனால் நடந்ததைக் கேட்டால் கண்ணீர் விடுவாய்.

போன புதன்கிழமை, சரியாகப் பதினோரு மணிக்கு, செயலாளர் லிஃப்டில் ஏறினார். வேறு ஆள் இல்லை. ஏழாவது மாடிப் பொத்தானை அழுத்திவிட்டு அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன். "சார், ஒரு விஷயம் சொல்லணும். என் நெஞ்சுல ஒரு பாரம் இருக்கு" என்றேன். மூன்றாவது மாடியில் ஆரம்பித்தேன். ஆறாவது மாடியில் முடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், பென்சில் கோடு உட்பட. அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? கண் கலங்கிவிட்டார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஏழுமாடி, இந்த மாதிரி உண்மை பேசற மனுஷனை நான் பாத்ததே இல்ல. அந்தப் பொண்ணு விஷயத்தை நான் பாத்துக்கிறேன், நீங்க நிம்மதியா இருங்க" என்றார். ஏழாவது மாடியில் கதவு திறந்தும் இறங்க மனமில்லாமல் நின்றார். ஒரு தடவை கீழே போய் மறுபடி மேலே வந்தோம், இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொள்ள.

ஆக, கடமை முடிந்தது. இனி அவர் பாடு. இதை உன் அம்மாவிடம் எழுதிவிடாதே. அவளுக்கு ரத்தக்கொதிப்பு, திடீரென்று நல்ல செய்தியும் ஆகாது.

ஒன்பதாவது வரிசை பற்றி மட்டும் அவர் வாயே திறக்கவில்லை. கேட்க நானும் கூச்சப்பட்டேன்.

உன் மாமா


ஏப்ரல் 30

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதம் படித்தேன். மனசு நிறைந்தது. செயலாளர் மார்ச் 27க்குப் பிறகு லிஃப்டில் கால் வைப்பதில்லை, ஏழு மாடியும் படியேறித்தான் போகிறார் என்று எனக்கு எழுதியிருந்தார். உங்களுக்காக ஒரு நாள் மட்டும் ஏறியிருக்கிறார் என்றால் பெரிய மனசுதான்.

போகட்டும், நல்ல செய்தி. அவருக்கு நான் ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டு தள்ளிப்போன 20ஆம் தேதிக் கூட்டத்தில் பேசி, இந்த விழா முழுவதற்கும் மிக்ஸரை எனக்கே கொடுத்துவிட்டார். வயலின் ஐயாவிடமும் அவரே பேசி, முதல் ஞாயிறு அவருடைய கச்சேரியையே வைத்திருக்கிறார்.

உங்களுக்கும் ஒரு மரியாதை உண்டு. இருபத்திரண்டு கோடை ஒரு ஞாயிறு விடாமல் வந்த ரசிகர் ஊரில் வேறு யார்? முதல் ஞாயிறு கச்சேரி தொடங்கும் முன் உங்களை மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். மைக்கில் இரண்டு நிமிஷம் நீங்கள் பேச வேண்டும். முதல் வரிசை, இடமிருந்து மூன்றாவது நாற்காலி மறுபடி உங்களுக்கு. பக்கத்து நாற்காலி அம்மாவுக்கு. இது எல்லாம் என் யோசனை. செயலாளர் கொஞ்சம் தயங்கினார், நான்தான் ஒப்புக்கொள்ள வைத்தேன்.

இரண்டு நிமிஷத்தில் என்ன வேண்டுமானாலும் பேசுங்கள். சொல்ல வேண்டியது ஏதாவது மிச்சம் இருந்தால் அதற்கும் அதுதான் இடம். ஒரு வரி போதும். உங்கள் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

உங்கள் அன்பு மருமகள்


மே 8, செவ்வாய்

என் குலவிளக்கே!

உன் கடிதத்தை இந்தத் தடவை இரண்டு பக்கமும் படித்தேன். பிறகு கட்டடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். வரி வசூல் பிரிவில் ஒரு தடவை, பிறப்பு இறப்புப் பதிவில் இரண்டு தடவை. நீ அனுப்பிய பொட்டலம் என்னவோ தெரியவில்லை, ஆளையே மாற்றிவிட்டது. கைக்கடிகாரமா? இருக்கட்டும், கேட்க மாட்டேன்.

செயலாளர் படியேறிப் போவதாக எழுதியிருந்தாய். உண்மைதான், ஆனால் அந்தப் புதன்கிழமை அவருக்கு முழங்கால் வலி.

கோட்டு தைக்கக் கொடுத்திருக்கிறேன். தையல்காரர், "என்ன விசேஷம்?" என்று கேட்டார். "ஊரே என்னைப் பாக்கப் போகுது, முதுகு நல்லா உக்காரணும்" என்றேன். "ஊர் உங்க முகத்தைத்தானே பாக்கும்?" என்கிறார். விவரம் தெரியாத ஆள். மேடையில் வயலின் ஐயா பின்னாலிருந்து முதுகைப் பார்ப்பார் அல்லவா?

பேச்சையும் தயார் செய்துவிட்டேன். லிஃப்டில் தினம் ஒத்திகை. நேற்று ஒரு அம்மாள் நாலாவது மாடியில் இறங்க வேண்டியவள், பேச்சில் சொக்கிப்போய் ஏழு வரைக்கும் வந்தாள். கதவை நான் திறக்க மறந்துவிட்டேன் என்று அவள் சொல்வதை நம்பாதே.

நீ அந்தப் பழைய விஷயத்தை நினைத்துத் தவிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். கவலைப்படாதே. அதையும் மேடையிலேயே தீர்த்துவைக்கிறேன். "போன வருஷம் என் மருமகள் கை தவறினாள், ஆனால் ஆனைக்கும் அடி சறுக்கும், பிள்ளையை மன்னித்து மறுபடி வாய்ப்புக் கொடுத்த ஊருக்கு நன்றி" என்று ஒரு பத்தி வைத்திருக்கிறேன். கல் நெஞ்சும் உருகும். உன் பெயரும் சுத்தமாகிவிடும், யாருக்கும் மனக்கஷ்டமும் இல்லை. எப்படி உன் மாமன் மூளை!

உன் அம்மா புதுச் செருப்பு வாங்கியிருக்கிறாள். ஊருக்கு வந்து எங்கே தங்குகிறாய்? வீட்டுக்கு வரவில்லையா?

உன் மாமா


மே 16, புதன்

மருமகளுக்கு,

இதை மூன்று தடவை ஆரம்பித்துக் கிழித்தேன். முதல் தடவை எழுதியதில் கைதட்டல் பத்து நிமிஷம் நீடித்தது என்று வந்துவிட்டது. இரண்டாவதில் மின்சாரக் கோளாறு என்று வந்தது. கை பழக்கம்.

மேடைப் படி எத்தனை என்று எண்ணிக்கொண்டு ஏறினேன். ஆறு. பின்னால் வயலின் ஐயா மடியில் வயலினோடு உட்கார்ந்திருந்தார். எதிரே மூவாயிரத்து எண்ணூறு பேர். பார், நான் ஒன்றும் கூட்டவில்லை. தாளைப் பிரித்தேன். "இந்த ஊரின் இசைக்கு என் காதுதான் அஸ்திவாரம்" என்ற வரிக்கு நிஜமாகவே கை தட்டினார்கள். பிறகு உன் பத்திக்கு வந்தேன். "போன வருஷம் என் மருமகள் கை தவறினாள்" என்றேன். அதற்குப் பிறகு என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மைக் செத்துவிட்டது என்று எனக்குப் புரியவில்லை. ஊர் அவ்வளவு அமைதியாக இருந்ததை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். கையை வீசி, வாயைத் திறந்து, ஆனைக்கும் அடி சறுக்கும் வரைக்கும் பேசினேன். முன்வரிசையில் ஒரு குழந்தை என்னைப் போலவே வாயைத் திறந்து மூடிக் காட்டியது.

அப்புறம் ஸ்பீக்கரில் என் குரல் வந்தது. நான் பேசாதபோது.

"இந்த மிக்ஸரு முழுக்க நான் சொல்லிக் குடுத்ததுதாங்க. இதோ பாருங்க, இதை ரெண்டு விரக்கடை ஏத்துனா வயலின் அப்படியே உங்க மடியில வந்து உக்காரும்."

"தொடாதீங்க, ஏதாவது ஆகிடப் போகுது."

"ரெண்டு விரக்கடைதானே, என்ன ஆகிடும்?"

அதன் பிறகு அந்த ஊளை.

தொடாதீங்க என்று சொன்ன அந்தப் பக்கத்து ஆள் யாரென்றுகூட எனக்குத் தெரியாது. ஒல்லியாக இருந்தார். அவரிடம் பெரிய ஆளாகக் காட்டத்தான் தொட்டேன்.

சிரித்தார்கள். பூங்கா முழுக்க. செயலாளர் சிரிக்கவில்லை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வயலின் ஐயா எழுந்து நின்றார். என்னைப் பார்த்து அல்ல. கூட்டத்துக்குப் பின்னால், நீ இருந்த திசையைப் பார்த்துத் தலை குனிந்துவிட்டு உட்கார்ந்தார். நான் படியிறங்கினேன். அதற்கும் ஆறுதான்.

என் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலி காலி. உன் அம்மா எழுந்து உன்னிடம் போய்விட்டிருந்தாள்.

திங்கள் காலையிலிருந்து லிஃப்டில் ஏறுகிறவன் எவனும் மாடி எண் சொல்வதில்லை. "ரெண்டு விரக்கடை மேல ஏத்துங்க, ஏழுமாடி" என்கிறார்கள். வரி வசூல், பிறப்பு இறப்பு, தண்ணீர்க் குழாய்ப் பிரிவு, எல்லோரும். சொல்லிவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "என்ன ஆகிடும்?" என்று முடிக்கிறார்கள். கதவு மூடிய பிறகு எனக்குப் போக வேறு இடமில்லை. நேற்று எண்ணினேன், நாற்பத்தொரு தடவை. வீட்டுக்கு வந்தால் அக்காவிடமிருந்து தட்டு வைக்கிற சத்தம் மட்டும்.

நான்தான் தொட்டேன். நான்தான் பயந்து கீழே இழுத்தேன். நான்தான் உன் மேல் போட்டேன். இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். ஏழு மாடியும் படியேறிப் போய்.

மீதி நாலு ஞாயிறும் நான் வரமாட்டேன். என் நாற்காலியை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்.

மாமா


மே 18, வெள்ளி

மாமா,

ஒரே ஊரில் இருந்துகொண்டு தபாலில் எழுதுகிறேன். நேரில் வந்தால் பேசிப் பேசி என்னைக் கரைத்துவிடுவீர்கள்.

மிக்ஸருக்குப் பக்கத்துக் கம்பத்தில் கைதட்டலைப் பதிவு செய்வதற்கென்று ஒரு மைக் தொங்கும். வருஷா வருஷம் தொங்குகிறது. நீங்கள் அண்ணாந்து பார்த்ததில்லை. ஊரை விட்டுப் போன ஒரு மாதம் கழித்து, என் பெட்டியோடு வந்துவிட்ட அந்தப் பதிவைக் கேட்டேன். பேருந்து நிலையத்து அறையில், நாலாவது மேடைக்காரி பேசுகிற இடைவெளிகளில், நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். ஒன்பது மாதம் அதை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நீங்களாகச் சொல்வீர்கள் என்று. லிஃப்டில் செயலாளர் கண் கலங்கிய கடிதம் வந்த அன்றுதான் பொட்டலம் கட்டினேன். 20ஆம் தேதிக் கூட்டத்தை என் ஒரு தந்திக்காக அவர் ஒரு வாரம் தள்ளி வைத்தார்.

அப்போதும் உங்களுக்கு இரண்டு நிமிஷம் கொடுத்தேன். என் கை வயலின் ஃபேடரில் இல்லை, உங்கள் மைக் ஃபேடரில் இருந்தது. அந்த ஒரு வரியை நீங்கள் சொல்லியிருந்தால் பதிவைப் போட்டிருக்கவே மாட்டேன். நீங்கள் மறுபடியும் எனக்காக மன்னிப்புக் கேட்டீர்கள்.

ஊர் சிரித்தது நான் போட்ட பதினெட்டு வினாடியைக் கேட்டு. பதிவு அங்கே முடியவில்லை. ஊளைக்குப் பிறகு இன்னும் ஒன்பது வினாடி இருக்கிறது. அதைச் செயலாளருக்கு நான் அனுப்பவில்லை. ஊருக்கும் போடவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. அதில் அந்த ஒல்லி ஆள் சொல்கிறார்: "ஐயோ, சொல்லிடுங்க, அந்தப் பொண்ணு மேல பழி வந்துடும்." நீங்கள் சொல்கிறீர்கள்: "சொன்னா முதல் வரிசை நாற்காலி போயிடும்யா."

நினைவிருக்கிறதா?

பதறினீர்கள், பயந்தீர்கள், வாய் முந்திவிட்டது என்றெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருப்பேன். இந்த ஒன்பது வினாடி விடவில்லை. எடை போட்டுப் பார்த்துத்தான் என்னை விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள், மாமா. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் நாற்காலி.

அதனால் நாற்காலியை யாருக்கும் கொடுக்க விடவில்லை. முதுகில் உங்கள் பெயரை எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன். முதல் வரிசை, இடமிருந்து மூன்றாவது. மீதி நாலு ஞாயிறும், அடுத்த கோடையும், அதற்கடுத்த கோடையும், ஐந்து மணிக்கு நீங்கள் அதில் இருக்க வேண்டும். புதுக் கோட்டு போட்டுக்கொண்டு வாருங்கள். உங்கள் பின்னால் முப்பது வரிசை தள்ளி நான் இருப்பேன். அம்மா இனிமேல் என் பக்கத்து ஸ்டூலில் உட்காருவாள். அவளுக்கு ஹெட்ஃபோன் கொடுத்திருக்கிறேன்.

ஒரு ஞாயிறு அந்த நாற்காலி காலியாக இருந்தால், அந்த ஒன்பது வினாடியும் ஊருக்குக் கேட்கும். பென்சில் கோடு போட்டுத் தயாராக வைத்திருக்கிறேன். ஏற்ற வேண்டியது இரண்டு விரற்கடைதான்.